நாய்க்குப் பூக்கேட்ட கதை

நாயை வீட்டுக்குள் விட்டால் சுத்தம் போய்விடும் என்று என்னிடம் சொன்னபோது, என் கணவரின் அண்ணன் கையில் செத்த கோழி ஒன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கால்களைப் பிடித்திருந்த கையை மாற்றிக்கொண்டு, அந்தக் கையாலேயே மூக்கைச் சொறிந்தார். கோழியின் கண்ணில் உட்கார்ந்திருந்த ஈ எழுந்துபோய் அவர் உதட்டோரம் உட்கார்ந்தது. அதை ஓட்டக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"நாயெல்லாம் வாசலோட நிறுத்திக்கோணும் அம்மிணி. ஊட்டுக்குள்ள உட்டா லட்சுமி தங்க மாட்டா" என்றார்.

சரிங்க என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் முகம் கழுவினேன். அந்த வீட்டில் நான் முகம் கழுவியதுபோல வேறெங்கும் கழுவியதில்லை.

நாமக்கல்லிலிருந்து பரமத்தி வேலூர் போகிற வழியில் இருக்கிறது அந்தக் கோழிப்பண்ணை. அண்ணனுக்குச் சொந்தமானது. கோழி ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஐம்பது அடி இருந்தால் அதிகம். ஒரு மழை பெய்தால் போதும், கூண்டுகளுக்கு அடியில் குவிந்து கிடக்கும் எச்சம் ஊறி, அந்த நாற்றம் தலையணை உறை வரைக்கும் ஏறிவிடும். சோற்றுத் தட்டை ஒரு கையால் மூடிக்கொண்டு மறு கையால் சாப்பிட வேண்டும். ரசத்தில் ஈ விழுந்தால் விரலால் எடுத்துப் போட்டுவிட்டுப் பேச்சைத் தொடர்வார்கள். இவர்களுக்குத்தான் நாய் அசுத்தம்.

நாங்கள் பதினோரு வருஷம் மஸ்கட்டில் இருந்தோம். கணவர் திருச்செங்கோட்டு ரிக் லாரியில் போர்க்கிணறு போடக் கற்றுக்கொண்டு, பிறகு அங்கே ஒரு கம்பெனியில் கிணறு தோண்டும் வேலைக்குப் போனவர். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்களுக்குக் குழந்தை இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்கள் உறவுக்காரர்கள் எந்தப் பேச்சையும் இதைத் தொடாமல் முடிப்பதில்லை.

மஸ்கட்டுக்கு வெளியே, மலையும் மணலும் சேரும் இடத்தில், அனாதை நாய்களுக்கு ஒரு காப்பகம் இருந்தது. என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி வாராவாரம் அங்கே போய் நாய்களைக் குளிப்பாட்டுவாள். ஒரு வெள்ளிக்கிழமை நாங்களும் கூடப் போனோம். மற்ற நாய்களெல்லாம் கம்பிக் கதவில் ஏறி விழுந்து குரைத்தன. ஒன்று மட்டும் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. கழுத்தைச் சுற்றிலும் முடி முளைக்காத ஒரு வளையம். யாரோ கம்பியால் கட்டிப் போட்டிருந்து, கம்பி சதைக்குள்ளேயே போய்விட்டதாம். காப்பகத்தை நடத்திய வெள்ளைக்கார அம்மா, "இது யாரிடமும் வராது. எங்களிடமே வருவதில்லை. வேறு நாயைப் பாருங்கள்" என்றார்.

என் கணவர் வேறு நாயைப் பார்க்கவில்லை. உள்ளே போய், அந்த நாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார். டிபன் டப்பாவிலிருந்து அவித்த முட்டையை எடுத்து உரித்து, பாதியைப் பின்பக்கமாகத் தரையில் வைத்தார். ஒரு மணி நேரம் திரும்பிப் பார்க்கவில்லை, பேசவும் இல்லை. கடைசியில் நாய் தவழ்ந்து தவழ்ந்து வந்து முட்டையைக் கவ்விக்கொண்டு மூலைக்கு ஓடியது. அவர் மீதிப் பாதியை என்னிடம் நீட்டினார். அந்த மனுஷனுக்குக் கழுத்தை நீட்டியதற்காக என் வாழ்க்கையில் அன்றைக்கு மாதிரி நான் என்றைக்கும் பெருமைப்பட்டதில்லை. அடுத்த மாதமே காகிதங்களில் இருவரும் கையெழுத்துப் போட்டு அதை வீட்டுக்குக் கூட்டி வந்தோம்.

நான்கு வாரம் துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால்தான் இருந்தது. பாத்திரம் விழுந்தால் நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விடும். தினமும் காலையில் ஒரு முட்டை. மஞ்சள் கருவோடு பாதி நாய்க்கு, மீதிப் பாதி எனக்கு. அவர் சாப்பிட மாட்டார், உரித்துக் கொடுப்பார். முதலில் தரையிலிருந்து தின்றது, பிறகு தட்டிலிருந்து, மூன்றாம் மாதம் அவர் உள்ளங்கையிலிருந்து. என் கையில் தின்ன அதற்கு மேலும் இரண்டு மாதம் ஆனது. பெயர் ஒன்றும் வைக்கவில்லை. கண்ணு என்று கூப்பிட்டால் ஒரு காதை மட்டும் திருப்பும். எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது ஊருக்குத் திரும்புவதாக முடிவானது. நாய்க்கு ஊசிகள், சான்றிதழ்கள், கூண்டு என்று எல்லாவற்றுக்கும் அலைந்தோம். சென்னையில் இறங்கி, வேன் வைத்து, சேலம் வழியாகப் பண்ணைக்கு வந்து சேர்ந்தபோது உறவுக்காரர்கள் ஒரு டஜன் பேர் வாசலில் காத்திருந்தார்கள். எங்களைப் பார்க்க அல்ல. வெளிநாட்டு நாய் வருகிறது என்று அண்ணன் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். கன்றுக்குட்டி உயரத்தில், முடி தொங்கத் தொங்க ஒன்று இறங்கும் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். இறங்கியது மண் நிறத்தில், காது விறைத்து, வால் சுருண்ட ஒரு நாய். நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை பெஞ்சுக்கு அடியில் படுத்திருக்குமே, சாட்சாத் அதேதான்.

"ஏனம்மிணி, இதையா ஏரோப்பிளேன்ல வெச்சுக் கொண்டாந்தீங்க?" என்றார் அண்ணனின் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். "நம்ம சந்தையில ஆயிரங் கெடக்குதே!"

எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பா முறையாகிற ஒருவர் குச்சியைக் கூண்டுக்குள் விட்டு நாயின் வாலைத் தூக்கிப் பார்த்தார். "பொட்டையா? போச்சு போ" என்றார். நாய் கூண்டுக்குள்ளேயே மூத்திரம் போனது. அதற்கும் சிரித்தார்கள். சமையலறைப் பக்கம் யாரோ, என் காதில் விழ வேண்டும் என்றே, "கொளந்தையக் கொஞ்ச வேண்டிய வயசுல நாயக் கொஞ்சறாங்களாமா" என்றார்கள். அவர்கள் அத்தனை பேரையும் அந்தக் கூண்டில் போட்டுத் திரும்ப அனுப்பினால் என்ன என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் பேரீச்சம்பழப் பொட்டலம் கொடுத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பண்ணையை ஒட்டிய பழைய இரண்டு அறை வீட்டில் குடியிருந்தோம். நாய் கட்டிலுக்கு அடியில் குடியேறியது. மெஷினுக்குப் பின்னாலிருந்து தொடங்கிய கதை திரும்பவும் முதலிலிருந்து. என் கணவர் மறுபடியும் தரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். தை கழிந்து, மாசி கழிந்து, பங்குனியில் ஒரு நாள் அது வாசல்படி வரை வந்து வெயிலில் படுத்தது. ஒரு கோழி கூண்டிலிருந்து தப்பித்து வாசல் பக்கம் வந்ததும் எழுந்து உள்ளே ஓடிவிட்டது. கோழிக்குப் பயந்த நாய் அது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சித்திரை வெயிலில் பண்ணையில் கோழிகள் சாக ஆரம்பித்தன. ஒவ்வொரு வருஷமும் சாகிறதுதான். போன வருஷம் வெக்கையில் செத்ததைப் போனில் எங்களிடம் புலம்பியவரே அண்ணன்தான். ஷெட் கூரையில் தண்ணீர் தெளிக்கும் குழாய் அடைத்துக்கொண்டிருந்ததை நானே என் கண்ணால் பார்த்தேன். ஆனால் குழாயைச் சரிசெய்ய ஆள் வரவழைக்க வேண்டும், நாயைக் குற்றம் சொல்ல யாரையும் வரவழைக்க வேண்டியதில்லை.

"அது வந்து எறங்குன நேரஞ் செரியில்ல தம்பி" என்றார் அண்ணன், என் கணவரைப் பார்த்து. "சேந்தமங்கலந் தாண்டி மலையடிவாரத்துல நமக்குத் தெரிஞ்ச தோட்டம் ஒன்னு இருக்குது. அங்க கொண்டுபோயி உட்டுப்போட்டா அதும்பாட்டுக்குக் கெடக்கும்."

அதன்பாட்டுக்குக் கிடக்குமாம்! கையில் வைத்துக் கொடுத்தால் மட்டும் தின்னும் நாய் அது. தோட்டத்து நாய்கள் நான்கு சேர்ந்தால் ஒரு பொழுதில் கிழித்துப் போட்டுவிடும். அதற்குத் திருப்பிக் கடிக்கவும் தெரியாது, ஓடவும் தெரியாது, மூலை தேடத்தான் தெரியும். நான் முடியாது என்றேன். அண்ணன் முன்னால் குரலை உயர்த்தி நான் பேசியது அதுவே முதல் தடவை. என் கணவர் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். பாறையைத் துளைக்கிற வேலை பார்த்தவருக்கு அண்ணன் எதிரில் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அது எனக்குக் கல்யாணமான நாளிலிருந்தே தெரியும்.

"செரி, நீயுஞ் சொல்ல வேண்டாம், நானுஞ் சொல்ல வேண்டாம்" என்றார் அண்ணன். "அம்மங்கிட்டப் பூக்கேட்டுருவோம்."

எங்கள் பக்கத்தில் பெண் எடுப்பதா வேண்டாமா, போர் எந்த மூலையில் போடுவது என்று முடிவுக்கு வர முடியாதபோது குலதெய்வக் கோயிலில் பூக்கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. தனித்தனி வெற்றிலையில் வைத்து மடித்து, வாழைநாரால் கட்டி, அம்மன் காலடியில் வைப்பார்கள். ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும். ஒரு நாயின் உயிரை இப்படித் தீர்மானிப்பதா என்று எனக்கு எரிந்தது. ஆனாலும், வெள்ளை வந்தால் நாய் இருக்கும், சிவப்பு வந்தால் போகும் என்று ஒத்துக்கொண்டேன். நான் கணக்கு டீச்சர். பாதிக்குப் பாதி என்பது அண்ணனின் மனசைவிட நல்ல பங்கு என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கோயிலுக்குப் போனோம். வாய்க்கால் கரையில், வெற்றிலைக் கொடிக்காலுக்கு நடுவே இருக்கிற சின்னக் கோயில். அண்ணன், அக்கா, நாங்கள் இருவர், பூசாரி, அவ்வளவுதான். பூவைக் கட்டுவது யார் என்ற கேள்வி வந்தது. அண்ணன் கட்டினால் நான் நம்ப மாட்டேன், நான் கட்டினால் அண்ணன் நம்ப மாட்டார். இரண்டு பேருக்கும் பொதுவான ஆள் என் கணவர்தான். அரளியும் நந்தியாவட்டையும் வெற்றிலையும் வைத்த தட்டை எடுத்துக்கொண்டு அவர் கோயிலுக்குப் பின்னால் போனார்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் முதுகு சுவருக்குப் பின்னால் மறைந்ததும், இந்த மனுஷன் இரண்டிலும் வெள்ளையையே வைத்துவிட்டால் என்ன என்று ஆசைப்பட்டேன். அம்மன் சன்னதியில் நின்றுகொண்டு அந்தத் திருட்டுக்காகவே கும்பிட்டேன்.

பொட்டலங்கள் இரண்டும் அம்மன் காலடிக்குப் போயின. பூசாரி கற்பூரம் காட்டினார். அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"நீயே எடு சாமி. நாளைக்கு எங்களக் கொறை சொல்லப்படாது பாரு."

என் கை முதலில் வலது பக்கம் போனது. ஏனோ மனசு கேட்கவில்லை. இடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தேன். பூசாரி நாரை அவிழ்த்து வெற்றிலையைப் பிரித்தார். சிவப்பு அரளி.

அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அக்கா ச்சோ ச்சோ என்று உச்சுக்கொட்டினார், முகத்தில் நிம்மதி வழிந்தது. நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், நேர்மையான ஆள், அம்மன் காரியத்தில் பொய் செய்ய அவருக்கு மனசு வரவில்லை என்று நினைத்தேன். என் திருட்டு ஆசையை நினைத்து வெட்கப்பட்டேன். நாயைக் கொன்றது என் கைதான், அந்த ஒரு சாண் தூரம் இடது பக்கம் போன கை.

மற்ற பொட்டலத்தைப் பூசாரி என்னிடமே கொடுத்து வாய்க்காலில் விடச் சொன்னார். மற்றவர்கள் பிரசாதப் பொங்கல் சாப்பிட இலை போட்டு உட்கார்ந்தார்கள். நான் படியில் தனியாக இறங்கினேன். பிரிக்கக் கூடாது என்றுதான் சொன்னார்கள். நான் பிரித்தேன். தவறவிட்ட அந்த வெள்ளைப் பூவைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது, எவ்வளவு கிட்டத்தில் வந்து தப்பிப் போனது என்று.

உள்ளே இருந்ததும் சிவப்பு அரளி.

கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்கவில்லை. பூசாரியோ, அண்ணனோ என்று புத்தி ஓடியது. அவர்கள் யாரும் பூவைத் தொடவே இல்லை. தொட்ட கை ஒன்றுதான்.

அவர் எனக்காக இலையில் பொங்கல் வைத்து எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்தார். நான் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். இல்லை என்று சொல்வார், அட இது எப்படி என்பார் என்று அந்த நொடியிலும் எதிர்பார்த்தேன்.

"அதைய ஏன் பிரிச்ச?" என்றார்.

"ஏனுங்க இப்படிச் செஞ்சீங்க?"

இலையைப் படியில் வைத்தார். "வெள்ளை வந்திருந்தா மட்டும் அண்ணன் உடுவாருங்கறயா? அடுத்த கோழி செத்தா மறுக்காவும் நம்ம தலையிலதான் வந்து விடியும். எத்தனை நாளைக்கு நான் நடுவுல கெடந்து அல்லாடறது? அம்மன் சொன்னதா இருந்துபோட்டா ஆருக்கும் மனத்தாங்கல் இல்லை பாரு."

"எனக்கு?"

"உங்கையாலதான எடுத்த? உனக்கும் மனசு ஆறிப்போயிரும்னு நெனச்சேன்."

இந்த ஒரு வார்த்தைதான். அண்ணன் கையில் தொங்கிய கோழி, ரசத்தில் விழுந்த ஈ, குச்சியால் வாலைத் தூக்கிய கிழவர், எதற்கும் எனக்கு அப்படிக் குமட்டவில்லை. அவர்களெல்லாம் செய்ததை வெளிச்சத்தில் செய்தார்கள். இவர் தன் கோழைத்தனத்தை மடித்துக் கட்டி, அம்மன் காலடியில் வைத்து, என்னையே எடுக்க வைத்தார். நான் பிரித்துப் பார்க்காமல் விட்டிருந்தால், ஆயுசுக்கும் என் கையை நானே சபித்துக்கொண்டிருந்திருப்பேன், இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்லியிருப்பார். ஒரு மணி நேரம் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்த முதுகும் இதே முதுகுதான் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. வாய்க்காலில் குனிந்து இரண்டு கையையும் கழுவினேன். பூவைத் தண்ணீரில் விடவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"நாயை வண்டியில ஏத்துனா இந்தப் பூவை உங்க அண்ணன் கையில குடுத்துருவேனுங்க" என்றேன்.

மிரட்டல்தான். வேறு பெயர் வைக்க மாட்டேன். முகம் வெளுத்து அவர் நின்றதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் திருப்திகூட இருந்தது. அந்தத் திருப்தியும் நாறியது.

மறுநாள் காலையில் ஷெட் வாசலில் அவர் அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். அம்மன் கனவில் வந்தாளாம். சிவப்புப் பூ கொடுத்தது நாயைத் துரத்துவதற்காக இல்லையாம், பண்ணைக்கு வந்த கண்டத்தை அந்த நாய் தன் தலையில் வாங்கிக்கொண்டதைக் காட்டுவதற்காம். நாயை அனுப்பினால் கண்டமும் திரும்பி வருமாம். மஸ்கட்டிலிருந்து இதுவரை அவர் இத்தனை வார்த்தைகள் சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லை. இரண்டாவது பொய்யையும் அம்மன் தலையிலேயே ஏற்றிவிட்டார்.

அண்ணன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். "அம்மனே சொல்லிப்போட்டா அப்பறமென்ன தம்பி" என்றார். ஏமாற்றப்பட்டவர் முகத்தில் அப்படி ஒரு பக்தி. அவர்மேல் எனக்கு முதல் தடவையாக இரக்கம் வந்தது.

அன்றிலிருந்து அது அம்மன் விட்ட நாய். அக்கா வெள்ளிக்கிழமைதோறும் அதன் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைக்கிறார். குச்சிவிட்டு வாலைத் தூக்கிய பெரியப்பா ஒரு தடவை கற்பூரத்தோடு வந்தார். நெருப்பைப் பார்த்ததும் நாய் கட்டிலுக்கு அடியில் ஓடிப்போய் மூத்திரம் போனது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அதைத் துடைத்தது நான். வீட்டுக்குள் நாய் வரலாமா என்று இப்போது ஒருவரும் கேட்பதில்லை. ஷெட் கூரையில் குழாய் இன்னும் அடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

காய்ந்து கறுத்துப் போன அந்த அரளி என் பீரோவில், நாயின் மஸ்கட் சான்றிதழ்களுக்கு நடுவே இருக்கிறது. அதைப் பற்றி நாங்கள் பிறகு ஒரு வார்த்தையும் பேசியதில்லை. சண்டையும் இல்லை. பார்க்கிறவர்கள் எங்களை நல்ல ஜோடி என்றுதான் சொல்வார்கள்.

தினமும் காலையில் அவர் முட்டை உரிக்கிறார். நாய் கட்டிலுக்கு அடியிலிருந்து வந்து, கண்ணை மூடிக்கொண்டு, அவர் உள்ளங்கையில் மூக்கை வைத்துப் பாதியைத் தின்கிறது. உலகத்தில் அந்தக் கையைத்தான் அது முழுசாக நம்புகிறது. மீதிப் பாதியை அவர் என் பக்கம் நீட்டுகிறார். பண்ணை நாற்றத்தில் எனக்கு முட்டையே பிடிக்காமல் போய்விட்டது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.